நாலாம் மாசம் ஆத்தா வந்தா

"அடுத்த வெள்ளிக்கிழமை வர முடியாதுங்க மேடம். கூழ் ஊத்தறோம்" என்றாள் நித்யா.

அப்போது அவள் மகள் யாழினியின் இடது கால் என் கையில் இருந்தது. பத்து மாதக் குழந்தை. அந்தக் கால் மட்டும் வலது காலைவிட மெலிந்து, விரற்கடை அளவு குட்டையாக இருக்கும். முழங்கால் பாதிக்கு மேல் மடங்காது. பாதம் உள்பக்கமாகத் திரும்பிப் பிறந்தவள். வாரம் ஒரு மாவுக்கட்டு என்று ஒன்பது கட்டுப் போட்டு, குதிகால் நாணில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி, எங்கள் எலும்பு டாக்டர் அந்தப் பாதத்தை நேராக்கி வைத்திருந்தார். ஒரே மாதத்தில் அது மறுபடி உள்ளே திரும்பப் பார்த்தது.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமா? "கூழை யார் வேணா ஊத்தலாம். இந்தக் காலை யார் பாக்குறது? ஒரு நாளைக்கு மூணு வாட்டி பிடிச்சு அழுத்தச் சொன்னேனே, செஞ்சியா?" என்று கத்தினேன். யாழினி என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். நான் கத்தினால் பயப்படாத ஒரே ஆள் அந்த அறையில் அவள்தான்.

என்னைப் பற்றிப் போன வாரமே எழுதியிருந்தேன். காஞ்சிபுரத்தில் அரசாங்கத்தின் குழந்தைகள் சிகிச்சை மையம் ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். பிள்ளையார்பாளையத்து வாயில் அந்த வார்த்தை நுழையாமல் 'பீசு மேடம்' ஆகிவிட்டது. பீஸ் வாங்காத பீசு மேடம். 'எப்போது பார்த்தாலும் தாய்மாரைத் திட்டுகிறீர்களே, கொஞ்சம் அன்பாகப் பேசக்கூடாதா' என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மா, இந்த வாரம் திட்டு வாங்கப்போவது நான்தான். உட்கார்ந்து படியுங்கள்.

தெரியாத கிரகணம்

நித்யாவின் கதையை அதற்கு முன்பே பாதி நான் அறிவேன். அவளும் கணவன் குமரனும் ஒரே தறியில் பட்டு நெய்கிறவர்கள். சேலையின் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தால் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். அவன் ஒரு பக்கம், இவள் மறுபக்கம். குழந்தை வயிற்றில் இருந்தபோதும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு நாள் தறியில் இழை அறுந்தது. நித்யா முடிச்சுப் போட்டு, நுனியைக் கத்திரியால் நறுக்கினாள். அன்றைக்குச் சூரிய கிரகணம்.

அந்தக் கிரகணம் நம் ஊரில் தெரியவே தெரியாது என்று தினசரிக் காலண்டரிலேயே போட்டிருந்ததாம். எங்கேயோ கடல் தாண்டி மறைந்த சூரியன் பிள்ளையார்பாளையத்தில் ஒரு குழந்தையின் காலைக் குட்டையாக்கியது என்று கண்டுபிடித்தவர் பார்வதி அக்கா. குமரனின் கூடப்பிறந்த அக்கா, நித்யாவுக்கு நாத்தனார். அதே தெருவில் நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவர். அந்தத் தெருவில் யார் வீட்டுக் குழம்பில் உப்பு குறைந்தாலும் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

"கிரகணத்துல கத்திரி புடிச்சா இன்னா ஆவும்? நான் தலபாடா அடிச்சிக்கினேன்" என்று என்னிடமே நாலு முறை சொல்லியிருக்கிறார். குழந்தையின் தொடையில் நீளமாக ஒரு தழும்பு உண்டு. தோல் சுருங்கி, வளைந்து வளைந்து கீழே இறங்கும். பிறக்கும்போதே இருந்தது. அதையும் காட்டி, "பாத்துக்கோ, கத்திரி போன வழி" என்பார்.

நான் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். சிரித்தது தப்பு. எனக்குச் சிரிப்பாக இருந்ததை ஒருத்தி அப்படியே நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

எந்தக் கை

அந்த வெள்ளிக்குத் திரும்புகிறேன். "செஞ்சியா?" என்று இரண்டாம் முறை கேட்டதும் நித்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணி எண்ணெய் தடவி நீவுறாங்க மேடம்."

"அண்ணி நீவினா போதுமா? நீ என்ன பண்ற?"

அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்திருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பெண் ஒன்பது மாவுக்கட்டுக்கும் வந்தவள். ஒரு முறைகூட அந்தக் காலை அவள் பிடித்து நான் பார்த்ததில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்வாள், பால் கொடுப்பாள், கொஞ்சுவாள். கட்டுப் போடும்போது காலைப் பிடிக்கச் சொன்னால் குமரனையோ நர்ஸையோ கூப்பிடுவாள்.

"இந்தக் கைதான மேடம் அன்னிக்கி கத்திரி புடிச்சுது" என்றாள் மெதுவாக. "அந்தக் கை அந்தக் காலுல பட வேணாம்னு அண்ணி சொல்ட்டாங்க. எனக்கும் பயமா இருக்குது. நான் தொட்டு இன்னும் எதுனா ஆயிட்டா?"

சோம்பேறி என்று நினைத்து வாரக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்படிப்பட்ட பாதம் நேராக நிற்பது மாவுக்கட்டால் மட்டும் அல்ல. தினமும் பிடித்து அழுத்துகிற கையால்தான் நிற்கும். பயந்து பயந்து எண்ணெய் தடவினால் போதாது. தாயின் கை படாவிட்டால் பாதம் திரும்பிக்கொள்ளும், மறுபடி வெட்டு, மறுபடி கட்டு. நடக்கிற வயது வந்துகொண்டிருந்தது.

தணிந்த குரலில், "சரி, கூழை உங்க அண்ணி ஊத்தட்டும். வர்ற வெள்ளி காலைப் பாக்க பெரிய டாக்டர் வர்றாரு, நீ வந்துடு" என்றேன்.

"இல்லீங்க மேடம், நான்தான் ஊத்தணும். எனக்குதான ஆத்தா வந்தா. போன ஆடியிலயே ஊத்த வேண்டியது. அப்போ நிறைமாசம், முடியல."

"ஆத்தா எப்போ வந்தா?"

"இவ வயித்துல இருக்கறச்ச. நாலாம் மாசம்."

என் கண்ணாடி இன்னும் குழந்தையின் வாயில்தான் இருந்தது. வாங்கித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தத் தழும்பை மறுபடி பார்த்தேன்.

முத்து போட்ட வீடு

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஆத்தா வந்தாள் என்றால் சின்னம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அம்மை என்றுகூட எங்கள் தெருக்களில் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். கொப்புளம் என்று சொன்னால் தொலைந்தோம். அது முத்து. அரிக்கிறது என்று சொல்லக்கூடாது. ஆத்தா விளையாடுகிறாள். வாசலில் வேப்பிலை சொருகிவிட்டால் அந்த வீட்டில் தாளிக்கும் வாசனை வராது. வந்திருப்பது விருந்தாளி. விருந்தாளியைப் போய் நோய் என்பார்களா?

எனக்குத் தெரியாததா இது? நானே நெசவுக்காரர் வீட்டுப் பெண். என் தம்பிக்கு முத்து போட்டபோது பள்ளிக்கூட வாத்தியார் வீடு தேடி வந்து, "பையனுக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். உள்ளே தம்பி வாழையிலையில் படுத்து முனகிக்கொண்டிருந்தான். என் அப்பா வாசலில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க சார், நல்லாகீறான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆத்தா வந்தது உடம்புக்கு வந்த கேடு என்று அவர் கணக்கில் இல்லை. வாத்தியார் வேப்பிலையைப் பார்த்துவிட்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

அந்த வாத்தியாருக்கு இருந்த புத்தி எனக்கு இல்லாமல் போனது. யாழினி எங்கள் மையத்துக்கு வந்த முதல் நாள், கேள்வித்தாளை வைத்துக்கொண்டு நித்யாவிடம் நான்தான் கேட்டேன். "கர்ப்பத்துல ஜுரம் இருந்துச்சா? இன்ஃபெக்‌ஷன் ஏதாவது? வைரஸ்? நோய்நொடி?" அவள் எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள். என் அப்பா சொன்ன அதே பதில். நானும் 'இல்லை, இல்லை, இல்லை' என்று டிக் அடித்தேன். கையெழுத்து வேறு அழகாகப் போட்டிருக்கிறேன்.

கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற அட்டையை எடுத்துப் பார்த்தேன். மாதாமாதம் எடை, ரத்த அழுத்தம் எல்லாம் எழுதியிருந்தது. நாலாம் மாதக் கட்டம் மட்டும் காலி. ஆத்தா வந்தால் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது, அதனால் செக்கப்புக்குப் போகவில்லை. இத்தனை மாதமாக அந்தக் காலிக் கட்டம் என் மேசையில் என்னையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

ஒத்துப்போன மூன்று

அட்டையைத் தூக்கிக்கொண்டு குழந்தை டாக்டரிடம் ஓடினேன். என்னைவிட இருபது வயது சின்னவர். நான் ஓடுவதை அதற்கு முன் பார்த்திராததால் எழுந்தே நின்றுவிட்டார்.

அவர் குழந்தையை மறுபடி அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். தாய்க்குக் கர்ப்பத்தின் முதல் பாதியில் சின்னம்மை வந்தால், ரொம்ப அபூர்வமாக அந்தக் கிருமி குழந்தைக்கும் போகுமாம். எந்தக் கை காலுக்குப் போகிற நரம்பை அது தொட்டதோ அது வளராமல் மெலியும், மூட்டு இறுகும், அந்த வழியில் தோலில் தழும்பு விழும். பெரும்பாலான குழந்தைகள் ஒரு குறையும் இல்லாமல்தான் பிறக்கிறார்கள். "இப்போ ரத்தத்துல தேடினா கிடைக்காது மேடம். ஆனா இந்தக் கால், இந்தத் தழும்பு, இந்த மாசம் மூணும் ஒத்துப்போகுது. கண்ணையும் ஒரு வாட்டி பரிசோதிச்சுடலாம்" என்றார். கண்ணில் குறை ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்தது. அதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்பதில் எனக்கும் பார்வதி அக்காவுக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

திரும்பி வந்து நித்யாவிடம் சொன்னேன். "உன் கத்திரி இல்ல. கிரகணமும் இல்ல. அம்மைதான்."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தாவா மேடம்?"

"ஆத்தா இல்லம்மா, வைரஸ்."

"ரெண்டும் ஒண்ணுதானங்க?"

முப்பது வருட அனுபவம், இரண்டு சான்றிதழ், சுவரில் மாட்டிய நரம்புப் படம், எதுவும் எனக்குக் கைகொடுக்கவில்லை. அவளே அடுத்துக் கேட்டாள்.

"அப்போ என் கை இல்லியா?"

"இல்ல."

"நெஜமா இல்லியா?"

"இல்லம்மா. உன் கை இல்ல."

முந்தானையிலிருந்து கைகளை வெளியே எடுத்துப் பார்த்தாள். தறிக்காரியின் கை. அறுந்த இழையைக் கண்ணால் பார்க்காமலே முடிகிற விரல்கள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன். எழுதுவதில் என்ன வெட்கம்?

ஆனால் அன்றைக்கும் அவள் காலைத் தொடவில்லை. "அண்ணிகிட்ட நீங்களே சொல்லிடுங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

பார்வதி அக்கா வந்தார்

திங்கட்கிழமை பார்வதி அக்கா வந்தார். நடந்து வந்தார் என்று எழுதினால் அவருக்கு மரியாதைக் குறைவு. படை திரட்டி வந்தார் என்பதே சரி. பின்னால் நித்யா, அவள் இடுப்பில் யாழினி.

"இன்னா மேடம், ஆத்தாவையே பழி சொல்றீங்களாமே? நாக்கு அழுவிடும், சொல்ட்டேன்."

"நான் யாரையும் பழி சொல்லல. இது ஒரு கிருமி."

"கிருமியா? எங்க ஆத்தாவ கிருமின்றீங்களா?"

நான் எந்தப் பக்கம் இழுத்தாலும் முடிச்சு இறுகியது. குரலை உயர்த்தினேன். அவர் இன்னும் உயர்த்தினார். அடுத்த அறையில் மாவுக்கட்டுப் போடுகிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, இது நம் வேலை இல்லை என்று போய்விட்டார்.

அப்போது நித்யா பேசினாள். அவள் குரலை அவ்வளவு தெளிவாக நான் கேட்டது அதுதான் முதல் முறை.

"அண்ணி, எனக்கு ஆத்தா வந்தப்போ பதினஞ்சு நாளு வேப்பில வீசினது யாரு? நீங்கதான. பக்கத்துல படுத்துக்கினு இருந்தது யாரு? நீங்கதான. தண்ணி ஊத்தறச்ச என் தலைய புடிச்சுக்கினு அழுதீங்களே, மறந்துட்டீங்களா?"

பார்வதி அக்கா சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கொழந்த வயித்துல இருக்குது, ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நீ சொன்ன" என்றார், கீழே பார்த்தபடி. "நான்தான் வேணாம்னேன். ஆத்தா கோச்சுக்குவான்னு நான்தான் சொன்னேன்."

இப்போது எனக்குப் புரிந்தது. கண்ணுக்குத் தெரியாத கிரகணத்தை அவர் ஏன் அவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று. அதை விட்டால் பழி அவர் கையில் வந்து விழும். அது அவருக்கே தெரிந்திருந்ததா, எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

"அக்கா, போயிருந்தா உடனே மருந்து குடுத்திருப்பாங்க, உங்க வீட்டுப் பொண்ணுக்கு நல்லது. அடுத்தவங்களுக்கு இப்படி வந்தா முதல்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. ஆனா போயிருந்தாலும் இந்தக் கால் இப்படியே இருந்திருக்கலாம். உங்க கையும் இல்ல, அவ கையும் இல்ல" என்றேன். பிறகு, "தப்பு பண்ணது நான். நம்ம தெருவுலயே பொறந்து வளர்ந்துட்டு, ஆத்தா வந்தாளான்னு ஒரு வார்த்த கேக்கல" என்றேன்.

பார்வதி அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதான, இவ்ளோ படிச்சு இன்னா புண்ணியம்?" என்றார். அடி வாங்கியது நான், தெம்பு வந்தது அவருக்கு.

அவரே ஒரு தீர்ப்பும் சொன்னார். "ஆத்தா பழி வாங்கல மேடம். வெளையாட வந்தா. உள்ள கொழந்த இருந்தத பாத்துக்கினு, ஆசையா காலத் தொட்டுட்டா. பெரிய கையாச்சே, கொஞ்சம் பலமா பட்டுடுச்சு."

குழந்தை டாக்டரின் விளக்கத்துக்கும் இதற்கும் நடுவில் பெரிய வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. சரி என்றேன்.

ஆடி வெள்ளி

பெரிய டாக்டரிடம் கெஞ்சி யாழினியைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூழுக்குப் போனேன். பாதத்தின் கதி என்ன என்று பார்க்கப் போனேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். கூழுக்கும் கருவாட்டுக் குழம்புக்கும்தான் போனேன்.

தெருமுனை மாரியம்மன் கோயிலில் கூட்டம். யாழினியின் கால்களில் நாங்கள் கொடுத்த விசேஷ ஷூ. இரண்டு ஷூவையும் நடுவில் ஒரு கம்பி இணைக்கும். குளியலுக்கும் பயிற்சிக்கும் தவிர கழற்றக்கூடாது என்பது என் கட்டளை. நித்யா அவளைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது பம்பை அடிக்கிற ஆள் கையை நீட்டித் தடுத்தார்.

"யாரும்மா அது, செருப்போட கொழந்தய உள்ள தூக்கிக்கினு வர்றது? கழட்டிட்டு வா."

நான் வாயைத் திறப்பதற்குள் பார்வதி அக்கா முன்னால் போய் நின்றார். "செருப்பா? கண்ண தொறந்து பாருபா. செருப்புக்கு நடுவுல கம்பி இருக்குமா? இது எங்க கொழந்தயோட காலு. ஆத்தாவுக்கு எல்லாம் தெரியும், நீ உன் பம்பைய அடி."

அவர் பம்பையை அடித்தார்.

அண்டா நிறையக் கேழ்வரகுக் கூழ். நித்யா சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினாள். வரிசை வேப்பமரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பாதி வரிசைகூட நகர்ந்திருக்காது. கோயில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவள் சொம்பைக் கீழே வைத்தாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மரத்தடியில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டு, ஷூவைக் கழற்றினாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இடது பாதத்தை வலது கையில் எடுத்தாள். கட்டைவிரலை நான் காட்டிய இடத்தில் சரியாக வைத்து, வெளிப்பக்கமாகத் திருப்பி, அழுத்திப் பிடித்தாள். ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணினாள். யாழினி ஊரைக் கூட்டினாள். நித்யா பிடியை விடவில்லை. நாலு நாளாகச் செய்துகொண்டிருக்கிறாள் என்பது அந்தப் பாதத்திலேயே தெரிந்தது.

வரிசையில் முதலில் நின்ற பெரியவர் பாத்திரத்தைத் தட்டினார். "இன்னாம்மா பார்வதி, ஜனம் நிக்குது. கொழந்தய நீ புடிச்சிக்கினா அந்தப் பொண்ணு வந்து ஊத்துமில்ல?"

பார்வதி அக்கா அண்டாவுக்கும் வரிசைக்கும் நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் இருங்கபா, ஆத்தாவே காத்துக்கினு இருக்கறா, உங்களுக்கு இன்னா அவசரம்? எங்க கை அதுக்கு ஆவாது. அவ கைதான் படணும்."